பாலம் தாண்டாத குதிரை

பாலத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போதே இசக்கிமுத்துவின் உள்ளங்கை வேர்த்துவிடும். வேர்த்த கையில் கடிவாள வார் வழுக்கும். வழுக்குகிறதே என்று அவன் இறுக்கிப் பிடிப்பான். இறுக்கியதுதான் தாமதம், பிஸ்கட் தலையை உதறும்.

பிஸ்கட் குதிரையின் பெயர். நான்கு வயது, காயடித்த ஆண் குதிரை. முதலாளி மகள் ஜாஸ்மின் அதன் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. வந்த முதல் மாதத்தில் அந்த உதறல், ஈயை விரட்டுவதுபோல லேசாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதத்தில் கீழிருந்து மேலே, யாரோ உள்ளிருந்து சுண்டிவிட்டதுபோல் வந்தது. ஒருநாள் அதன் உச்சந்தலை இசக்கிமுத்துவின் மூக்கில் மோதிச் சட்டையெல்லாம் ரத்தமாகிவிட்டது. வீட்டில் மாங்கிளை அடித்துவிட்டது என்று சொல்லிவைத்தான்.

உதறுவதோடு விட்டால் பரவாயில்லை. முன்னங்கால் இரண்டையும் தரையில் நட்டுக்கொண்டு நின்றுவிடும். குதிகாலால் விலாவில் தட்டினால் முன்னே போகாது, பின்னால் போகும். அதுவும் வந்த பாதையில் இல்லை, ஓடைச் சரிவைப் பார்த்துப் போகும். பாலத்துக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடிச் சுவர். மறுபக்கச் சுவரைத் தேங்காய் லாரி ஒன்று இடித்துத் தள்ளி இரண்டு வருடமாகிறது, யாரும் கட்டவில்லை. கீழே பன்னிரண்டு அடி ஆழத்தில் கருங்கல். கோடையில் தண்ணீர்கூட இருக்காது.

பிஸ்கட்டைக் கட்டியிருக்கிற முதலாளியின் தோப்பு, இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து மலையைப் பார்க்க உள்ளே இருக்கிறது. உள்ளே முழுக்க மாமரமும் வேரும்தான், குதிரையை ஓடவிட இடம் கிடையாது. ஓடவிட வேண்டுமென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொட்டலுக்குப் போக வேண்டும். ஜாஸ்மின் ஏறப்போவதும் அங்கேதான். பதினைந்து வயதுப் பெண். பாலத்தின் மேல் அவள் உட்கார்ந்திருக்க, பிஸ்கட் பின்னால் போவதை இசக்கிமுத்து தினமும் மனசுக்குள் பார்த்தான். பல் தேய்க்கும்போது பார்த்தான். சோற்றைப் பிசையும்போது பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவள் விழுகிற சத்தம் வரைக்கும் போய் நின்றுகொள்வான்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவனிடம் இருந்தது. அவனுக்குக் குதிரை ஏறத் தெரியாது. யாரும் பார்க்காத விடியற்காலையில் தட்டுத்தடுமாறி ஏறிப் பழகிக்கொண்டிருந்தான்.

சொந்த ஊர் கூமாப்பட்டியில் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே அவனுக்குக் குதிரைப் பட்டாளத்தான் என்று பெயர். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். ஆனால் அவன் இருந்தது கோவேறு கழுதைப் பிரிவு. சிக்கிமில் லாரி போகாத மலைக்காவல் சாவடிகளுக்கு மண்ணெண்ணெயும் அரிசியும் சுமந்து போகிற மிருகங்கள் அவை. அவற்றின் மேல் யாரும் ஏறுவதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பார்கள். இசக்கிமுத்து பதினேழு வருடமும் நடந்தான்.

அங்கே ஒரே ஒரு நாள் ஏறினான். ஒரு அதிகாரியின் வெள்ளைக் குதிரை லாயத்தில் நின்றது. கூட வேலை பார்த்த கேரளத்துப் பையன் ஒருவன், "ஏறுடா, ஊருக்கு ஒரு போட்டோ அனுப்பு" என்று ஏற்றிவிட்டான். குதிரை அசையாமல் இருக்க அவனே பக்கத்தில் நின்று தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் படம் எடுத்தான். அந்தப் படம் ஊருக்கு வந்தது, சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். இசக்கிமுத்து எதையும் சொல்லவில்லை. குதிரைப் பட்டாளம் என்று அவர்கள் சொன்னார்கள், அவன் மறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுக்காமல் இருப்பதும் பொய்யா என்று அப்போது அவன் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஓய்வு பெற்று வந்தபின் இராஜபாளையத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினான். அவன் மனைவி ஆனந்தவல்லி, முதலாளி ஐயாதுரையின் பேண்டேஜ் ஃபேக்டரியில், புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை மடிக்கிற பிரிவில் வேலை செய்தாள். பால்காய்ப்புக்கு முதலாளி வந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தையே பார்த்தார்.

"ஏலே இசக்கி, இது நீயா?"

"ஆமா அண்ணாச்சி."

"பாப்பா ஒரு வருசமா குதிரை குதிரைன்னு உயிரை எடுக்கா. ஆளைத் தேடிக்கிட்டு இருந்தேன். ஆளு நம்ம ஃபேக்டரிப் பொம்பளை வீட்டுலயே இருந்திருக்கான் பாரு!"

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றார்கள். மாமனார் நின்றார். இசக்கிமுத்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது எல்லாம்.

குதிரையைப் பிடித்துக் கொடுத்தது மாரிசாமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர், கொஞ்சம் தரகும் உண்டு. பிஸ்கட் தலையை உதறத் தொடங்கியதும் இசக்கிமுத்து அவரிடம் போய் நின்றான். நேராகக் கேட்க முடியுமா? "இப்பிடி ஒரு பழக்கம் இருக்கே, நம்ம பக்கத்துல இதுக்கு என்ன செய்வாக?" என்று எல்லாம் தெரிந்தவன்போலக் கேட்டான்.

மாரிசாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "பட்டாளத்தாரே, எங்கிட்டயா கேக்கீரு? நீரு பாக்காத குதிரையா? ஊர்வலக் குதிரை தலையை ஆட்டுனா சனம் ரூவா குத்தும். ஏறுற குதிரை ஆட்டுனா பல்லு போவும். தலையைக் கட்டும். மூக்கணையில ஒரு வாரைப் போட்டு, நெஞ்சுக்குக் கீழ இழுத்துக் கட்டிரும். எங்கிட்டுத் தூக்கும்னு பாப்போம்."

"பொறவு நின்னுக்கிட்டா?"

"சண்டி பண்ணுனா ரெண்டு போடும். அதுக்கும் மசியலன்னா எங்கிட்ட ஓட்டிட்டு வாரும். நான் ஊர்வலத்துல ஆட விட்டுக்கிடுதேன்."

சொன்னபடியே கட்டினான். மறுநாள் காலை, பாலத்துக்கு முப்பது அடி முன்னால், தலையை மேலே கொண்டுபோக முடியாத பிஸ்கட் உடம்பையே மேலே கொண்டுபோனது. இரண்டு பின்னங்காலில் நின்றது. இசக்கிமுத்துவுக்கு வானமும் மலையும் மாறிமாறித் தெரிந்தன. முதுகில் மண் வந்து அடித்தது. குதிரை அவன் மேல் விழவில்லை, ஒரு முழம் தள்ளி விழுந்தது. எழுந்து நின்றபோது அதன் வாய் ஓரத்தில் இளஞ்சிவப்பு நுரை. இருவரும் நடுங்கினார்கள். யார் அதிகம் நடுங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கே அந்த வாரை அவிழ்த்துத் தூக்கிப் போட்டான். நுரையில் சிவப்பு இருந்ததே, இரும்பு வாயைக் குத்துகிறதோ என்று நினைத்தான். அந்த அளவுக்கு அவன் நினைத்தது சரி. இராஜபாளையத்தில் வாயைக் குத்துகிற இரும்புக்கு என்ன சுற்றுவார்கள்? வீடு முழுக்கக் காஸ் துணிதான். ஃபேக்டரியில் கழித்துவிடுகிற வெட்டுத் துண்டுகளை எடைக்கு வாங்கிப் பாத்திரம் துடைக்க, வண்டி துடைக்க, பிள்ளைக்கு மூக்கு துடைக்க வைத்திருப்பார்கள். ஆனந்தவல்லியும் ஒரு மூட்டை வைத்திருந்தாள். இசக்கிமுத்து அதில் ஒரு கை அள்ளி, கடிவாள இரும்பில் மெத்தைபோலச் சுற்றி நூலால் கட்டினான். தொட்டுப் பார்த்தான். பஞ்சுபோல இருந்தது. இனி நோகாது என்று பிஸ்கட்டின் கழுத்தில் தட்டிக்கொடுத்தான். நல்லது செய்துவிட்ட நிம்மதியில் அன்று மத்தியானம் கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தான்.

அதற்குப் பிறகுதான் உதறல் இன்னும் மோசமானது. முன்பெல்லாம் பாலத்துக்கு முன்னால் மட்டும் உதறிய குதிரை, இப்போது கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே லாயத்தின் மூலைக்குப் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் ஆராதனை முடிந்து ஐயாதுரையின் கார் தோப்புக்கு வரும். ஜாஸ்மின் முதலில் இறங்குவாள், தலைக்கவசம் கையில் தொங்கும். ஒரு வாரம் லாடம் மாற்ற வேண்டும் என்றான். ஒரு வாரம் காலில் வீக்கம் என்றான். ஒரு வாரம் மழை அவனைக் காப்பாற்றியது.

அந்த ஞாயிறு அவள் பிஸ்கட்டின் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இசக்கியண்ணே, நீங்க ஏறுனா எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததே இல்லையே. ஒரு தடவை ஏறிக் காட்டுங்களேன்."

"வெயிலு ஏறிருச்சு பாப்பா. மிருகம் இளைக்கும்."

ஐயாதுரை காரின் கதவில் சாய்ந்திருந்தார். "இசக்கி, நீ ஏறுறப்ப வெயிலு, அவ ஏறுறப்ப வீக்கம். குதிரையை வாங்கி வேடிக்கை பாக்கவா விட்டிருக்கேன்? அடுத்த ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். மதுரையிலேர்ந்து மாமா அத்தை எல்லாம் வாராக. அன்னைக்குப் பாப்பா இதுல ஏறிப் பாலத்தைத் தாண்டிப் பொட்டலுக்குப் போறா. சரியா?"

"சரி அண்ணாச்சி."

சரி என்று சொன்ன அந்த வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவனுக்கு. கார் பாலத்தைத் தாண்டிப் போனதும் அவன் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். ஒரு கருங்கல் மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக, மொழுமொழுவென்று இருந்தது. அந்தக் கல்லை ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அது கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆனந்தவல்லி தினமும் காலை ஆறு மணிக்கு எக்ஸெல் வண்டியில் பச்சைப்புல் கட்டு கொண்டுவந்து போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவாள். அந்த வண்டிச் சத்தம் பாலத்துப் பக்கம் கேட்டதுமே பிஸ்கட் லாயத்திலிருந்து கனைக்கும். "புருசன்கூட என் வண்டிச் சத்தத்துக்கு இப்பிடிக் கத்துனதில்ல" என்பாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. புல்லைப் போட்டவள் போகாமல் நின்றாள். இசக்கிமுத்து கடிவாளத்தை எடுத்தான். குதிரை மூலைக்குப் போனது. அவன் பின்னாலேயே போனான். குதிரை தலையைக் கூரைக்குத் தூக்கியது. அவன் கை நடுங்கியதை ஆனந்தவல்லி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"மூக்குல மாங்கிளை அடிச்சுதுன்னீங்க. முதுகுல தோலு உரிஞ்சதுக்கும் மாங்கிளைதான் காரணமா? படுத்தா பொறண்டுக்கிட்டே கிடக்கீங்க. சொல்லுதீங்களா, இல்ல அண்ணாச்சிகிட்ட நான் கேக்கட்டுமா?"

அவன் புல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். போட்டோவை, கேரளத்துப் பையனை, பாலத்தை, வெளுத்த கல்லை. சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரித்தாள்தான். ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். ஏனென்றால் அவள் கையில் இப்போது கடிவாளம் இருந்தது.

"இது என்ன துணி?"

"காஸ்தான். நோகாம இருக்கட்டும்னு சுத்துனேன்."

"வேஸ்டு மூட்டையிலேர்ந்தா?" அவள் நகத்தால் நூலை இழுத்தாள். பழுப்பேறிக் காய்ந்து ஓலைப்பாய்போல விறைத்திருந்த துணியிலிருந்து நூல் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. சில நூல்களின் நுனியில் கருஞ்சிவப்புக் கட்டி ஒட்டியிருந்தது. அவள் முகம் மாறியது. "ஓரம் மடிக்காத துணிங்க இது. வெட்டுன ஓரத்தை உள்ள வச்சு மடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளமே. ஏன்னு தெரியுமா? ஓரம் வெளிய இருந்தா நூலு பிரிஞ்சு புண்ணுக்குள்ள போயிரும். ஒரு பாக்கெட்டுல ஒரு நூலு தொங்குனா லாட்டையே திருப்பி அனுப்பிருவாவ. அதைக் கொண்டுபோயி வாயில்லா சீவன் வாயிலயா வச்சீங்க?"

 அதுவரை இசக்கிமுத்து குதிரையைப் பார்த்துப் பயந்தான், பாலத்தைப் பார்த்துப் பயந்தான், ஊரைப் பார்த்துப் பயந்தான். முதல் தடவையாகத் தன் கையைப் பார்த்துப் பயந்தான்.

"வாயைத் தொறந்து பாருங்க" என்றாள்.

"கடிச்சா?"

"நானே பாக்கட்டுமா?"

அவனே பார்த்தான். தலைக்கயிற்றை மட்டும் போட்டு, பக்கவாட்டில் நின்று, பல் இல்லாத கடைவாய் இடுக்கு வழியாகக் கட்டை விரலை நுழைத்தான். கோவேறு கழுதைகளுக்கு மருந்து புகட்டிய பழக்கம் விரலுக்கு இன்னும் நினைவிருந்தது. ஆனந்தவல்லி செல்போன் டார்ச்சை அடித்தாள். மேல்தாடையில், அரைக்கும் பற்களுக்குக் கொஞ்சம் முன்னால், அரிசி மணி அளவுக்கு ஒரு சின்னப் பல் தனியாக முளைத்திருந்தது. இரும்பு போய் இடிக்கிற இடம் சரியாக அதுதான். அந்தப் பல்லைச் சுற்றி வெள்ளை நூல் ஒன்று மோதிரம்போல இறுகி, ஈறுக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் சீழ்.

குதிரை தலையை உதறவில்லை. கண்ணை மட்டும் உருட்டியது.

அன்று மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார், இளவயதுப் பெண். மயக்க ஊசி போட்டு நூலை எடுத்தார், பல்லைப் பிடுங்கினார், புண்ணைக் கழுவினார். பிடுங்கிய பல்லை இசக்கிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இம்புட்டுதான் விஷயம். குட்டி வயசுலயே பாத்திருந்தா வலியே இல்லாம எடுத்திருக்கலாம். சேணம் ஏத்துறதுக்கு முன்னால வாயைப் பாக்கணும்னு யாருமே சொல்லலையா?" அவன் பல்லை விரலுக்குள் மூடிக்கொண்டான். "ரெண்டு வாரம் வாயில இரும்பே படக்கூடாது. அதுக்குப் பொறவும் பழைய பயம் இருக்கும். வலி போனாலும் அந்த இடத்துக்கு வந்தா வலிக்கும்னு அது நினைக்கும். நீங்க இழுத்துப் பிடிச்சா, சரியாத்தான் நினைச்சிருக்கோம்னு முடிவு பண்ணிரும்."

இரண்டு வாரம். பிறந்தநாள் நாளை மறுநாள்.

சனிக்கிழமை காலை இசக்கிமுத்து சுவரிலிருந்து படத்தைக் கழற்றினான். கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு புதிதாகத் தெரிந்தது. படத்தைக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினான். ஃபேக்டரி வாசலில் இறங்கியதும் திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தான். சிக்கிமில் பனிச்சரிவு விழுந்த வழியில் போயிருக்கிறான், அங்கேகூடப் பாதியில் திரும்ப நினைத்ததில்லை.

ஐயாதுரை கண்ணாடி அறைக்குள் இருந்தார். வெளியே தறிச் சத்தம். இசக்கிமுத்து படத்தை மேசை மேல் வைத்தான்.

"என்னலே இது?"

"இந்த ஓரத்தைப் பாருங்க அண்ணாச்சி."

ஐயாதுரை கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். சட்டத்தின் இடது ஓரத்தில், குதிரையின் தாடைக்குக் கீழே, யாருடைய கையோ தெரிந்தது. மணிக்கட்டு வரை மட்டும். கயிற்றைப் பிடித்திருந்த கை.

"எனக்கு ஏறத் தெரியாது அண்ணாச்சி. இது வேற ஆளு பிடிச்சுக்கிட்டு நின்னது. நான் கழுதைகூட நடந்த ஆளு. குதிரை வாயையும் நான்தான் கெடுத்து வச்சிருக்கேன். நாளைக்குப் பாப்பா ஏறக் கூடாது."

ஐயாதுரை படத்தைக் கவிழ்த்து வைத்தார். பேசியபோது சத்தம் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாலு மாசம். எம் மகளை ஏத்திவிடப் பாத்தியேலே."

"ஆமா அண்ணாச்சி."

"ஏன்லே சொல்லல? வேலை போயிரும்னா?"

"அதுவும்தான். ஊருல சிரிப்பாவளேன்னும் இருந்துச்சு. பாப்பா விழுந்துருமேன்னு தூக்கமே இல்ல. எல்லாப் பயமும் ஒண்ணா சேந்து எதுக்கு முதல்ல பயப்படணும்னே தெரியாமப் போச்சு."

ஐயாதுரை எழுந்து தறிகளைப் பார்த்தபடி நின்றார். திட்டுவார் என்று இசக்கிமுத்து காத்திருந்தான். திட்டினார். தமிழில் உள்ள எல்லா வசவும் வந்தது, நடுவில் பைபிள் வசனம் ஒன்றும் வந்தது. கடைசியில் திரும்பினார்.

"கழுதை பாலத்துல நின்னுக்கிட்டா பட்டாளத்துல என்ன செய்வீய?"

"மேல ஏற மாட்டோம் அண்ணாச்சி. கூட நடப்போம்."

"அப்ப நடத்து. மூணு வாரம் தாரேன். நடக்கலன்னா குதிரை மாரிசாமிட்ட போவும், நீ கூமாப்பட்டிக்குப் போவ."

பிறந்தநாள் கேக்கோடு முடிந்தது. ஜாஸ்மின் அழுதாள் என்று ஆனந்தவல்லி வந்து சொன்னாள்.

வெறும் தலைக்கயிற்றோடு பிஸ்கட்டை இசக்கிமுத்து பாலம் வரை நடத்திப் போனான். முப்பது அடிக்கு முன்னால் அது நின்றது. அவன் கையும் அங்கேதான் இறுகியது. இறுகியதை அவன் இப்போதுதான் கவனித்தான். குதிரை முதலில் நின்றதா, கை முதலில் இறுகியதா? நான்கு நாள் அதையே பார்த்தான். மூன்று நாள் கைதான் முதலில்.

ஐந்தாம் நாள் ஆனந்தவல்லி புல் கட்டோடு வந்தாள். பாலத்தைத் தாண்டி வந்தவள் தோப்புக்குள் நுழையாமல் வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போற?"

"அந்தப் பக்கம். புல்லு அங்க இருக்கு, நீங்க இங்க என்ன செய்யப்போறீங்க? வாங்க ரெண்டு பேரும்."

எக்ஸெல் பாலத்தின் மேல் மெதுவாக உருண்டது. சத்தத்துக்குப் பிஸ்கட் காதை நிமிர்த்தியது. இசக்கிமுத்து அதன் தோள் பக்கம் நின்றான், முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தான். மலைப்பாதையில் ஒரு கழுதை நின்றுவிட்டால் அப்படித்தான் நிற்பார்கள். கயிற்றை விட்டுவிடாமல் தொங்க விட்டான். விரலைத் தளர்த்துவதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது! குதிரை ஒரு அடி வைத்தது. நின்றது. அவனும் நின்றான். அந்தக் கரையில் ஆனந்தவல்லி வண்டியை அணைத்துவிட்டுப் புல்லை உதறினாள்.

"என்ன ரெண்டு பேரும் கல்யாண வீட்டு வாசல்ல நிக்க மாதிரி கூச்சப்படுதீய? செத்த நேரம் ஆவட்டும், பரவால்ல, நான் ஷிப்டுக்கு லேட்டுன்னு சொல்லிக்கிடுதேன்."

கால்மணி நேரம் ஆனது. குதிரை தலையை ஒரு தடவை உதறியது. அவன் கை மூடப் போனது, மூடவில்லை. உதறிய பிறகு எதுவும் வலிக்கவில்லை என்பது பிஸ்கட்டுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அப்படியே நின்று யோசித்தது. பிறகு பாலத்தின் மேல் குளம்புச் சத்தம் கேட்டது. இசக்கிமுத்து சுவர் இல்லாத பக்கமாக நடந்தான். கீழே பார்க்கவில்லை.

மறுநாளும் நடந்தார்கள். அதற்கு மறுநாள் எதிரே லாரி வந்தது, மூவரும் திரும்பி ஓடிவந்தார்கள். அதற்கடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து.

மூன்றாவது ஞாயிறு ஐயாதுரையின் கார் பொட்டலில் நின்றது. குதிரையின் வாயில் இரும்பு இல்லை. சேணத்தின் மேல் ஜாஸ்மின், தலைக்கவசத்தோடு. கயிறு இசக்கிமுத்துவின் கையில்.

"இசக்கியண்ணே, எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு."

முன்பென்றால் பயப்படாதே பாப்பா என்று சொல்லியிருப்பான். "எனக்கும்தான்" என்றான். "பிஸ்கட்டுக்கும் இருக்கு. பாலம் முடியுற வரைக்கும் வயித்தைப் பிடிக்காம மூச்சு விட்டுக்கிட்டே வா. போதும்."

முப்பது அடி இருக்கும்போது உள்ளங்கை வேர்த்தது. அது வேர்க்காமல் இருந்த நாளே இல்லை. பாலத்தின் நடுவில் பிஸ்கட் தலையைத் தூக்கியது. ஜாஸ்மின் மூச்சை இழுத்தாள். இசக்கிமுத்துவின் கண்ணுக்குள் அந்த வெளுத்த கல் வந்து நின்றது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். குதிரை ஈயை உதறிவிட்டு நடந்தது.

பொட்டலில் ஐயாதுரை போனை நீட்டிக்கொண்டு நின்றார். "நிறுத்து, அப்பிடியே நில்லு. பாப்பா, சிரி. இசக்கி, செத்த தள்ளி நில்லுப்பா, உன் கை தெரியுது."

"தெரியட்டும் அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. கயிற்றை விட்டுவிட அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.